முப்பது வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறேன், விற்ற வீட்டின் படலையைத் தட்டலாமா?

கொக்குவில்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே கன நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வருகிற ஆடிக் கடைசியில் மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று கிழமைக்கு யாழ்ப்பாணம் போக டிக்கெட் போட்டுவிட்டேன். போட்ட நாளிலிருந்து சரியான நித்திரை இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

ஊர் கொக்குவில். இராணுவம் கிட்ட வர யாழ்ப்பாணச் சனம் முழுக்க எழும்பிப் போன 1995 ஒக்டோபர் 30 பின்னேரம் நாங்களும் வெளிக்கிட்டோம், எனக்கு அப்போது 17 வயது. அந்த இரவைப் பற்றி, மழையும் செம்மணி வீதியும் நாவற்குழிப் பாலமும் பற்றி, உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. தென்மராட்சியில், மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் கிட்ட இருந்தோம். 1996 சித்திரையில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது அப்பா எங்களைக் கிளாலிக் கடலால் வன்னிக்குக் கொண்டுபோனார், சின்னம்மா குடும்பம் கொக்குவிலுக்கே திரும்பிப் போனது. அதோடு பிரிந்தவர்கள்தான். நாங்கள் வவுனியா, கொழும்பு என்று அலைந்து 1998இல் கனடா வந்து சேர்ந்தோம். முதலில் விசா சரிவரவில்லை, பிறகு யாழ்ப்பாணப் பாதை பூட்டு, பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், அதற்குப் பிறகு அம்மா. 2009இல் சண்டை முடிந்த பிறகு போயிருக்கலாம். போகவில்லை. பயம்தான்.

வீடு அம்மாவின் சீதன வீடு. 2003இல், பாதை திறந்திருந்த நேரம், சின்னம்மாவின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் (எங்களுக்காக விற்கிற அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்து விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சின்னம்மா பக்கத்து வளவில், இப்போது 81 வயது, சித்தப்பா இல்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெளிக்கிட்ட அன்று அம்மா பித்தளைச் சாமான்களை, ஒரு அண்டா, இரண்டு குடம், தன் கலியாணத்துக்கு வந்த குத்துவிளக்கு, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். கயிறு நழுவாமல் பிடித்தது நான். ஒரு கிழமையில் திரும்பி வந்து எடுக்கலாம் என்ற நினைப்பு. வீடு விற்றபோது அம்மா கேட்டதற்கு, கிணறு இறைத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை, சேற்றுக்குள் தாழ்ந்திருக்கும் என்று சின்னம்மா ஃபோனில் சொன்னார். அம்மா 2019இல் கண்மூடும்வரை அந்த விளக்கு கிணற்றுக்குள்தான் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி போகாதே என்கிறான். "உன்ரை மனசிலை இருக்கிறதையும் அழிச்சுப்போட்டு வரப்போறாய்" என்றான். அது என்னை அரிக்கிறது.

நான் கேட்பது இவ்வளவும்தான். போய் வந்தவர்களுக்கு உண்மையில் எப்படி இருந்தது? விற்ற வீட்டுக்காரரிடம் போய் ஒருமுறை உள்ளே பார்க்கலாமா என்று கேட்பது சரியா, அல்லது உரிமை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று பயந்துவிடுவார்களா? மகனுக்கு 16, தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும், அவனை முதல் தடவையே கூட்டிப்போவது நல்லதா? சின்னம்மா வீட்டில் தங்கவா, டவுனில் அறை எடுக்கவா?

இணுவில்வேம்பு எழுதியது:

தங்கச்சி, போங்கள். நான் ஜெர்மனியிலிருந்து 2018இல் போனேன், 29 வருடத்துக்குப் பிறகு. என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து ரயிலில்தான் போனேன். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, நான் பொடியனாக இருந்தபோது யாழ்தேவியில் போன அதே பாதை என்பதால் பிளேனோ பஸ்ஸோ வேண்டாம் என்று நினைத்தேன். ஆனையிறவு வரும்வரை பெட்டிக்குள் நல்ல சத்தம், சாப்பாடு, பிள்ளைகளின் விளையாட்டு. உப்பளம் தெரியத் தொடங்கியதும் என் முன்னால் இருந்த வயதான தம்பதி பேச்சை நிறுத்திவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நானும்தான். அந்த வெட்டை கடந்து முதல் பனங்கூடல் வந்தபோது அந்த ஐயா, "வந்திட்டம்" என்று ஒரு சொல்தான் சொன்னார்.

ஆனால் உங்களை நான் ஆயத்தப்படுத்த நினைப்பது வேறு ஒன்றுக்கு. நான் என் சொந்த ஒழுங்கையைத் தவறவிட்டேன். கே.கே.எஸ் (காங்கேசன்துறை) வீதியில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று நினைத்த பாதையில் மூன்று தடவை முன்னும் பின்னும் நடந்தேன். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. எங்களுக்கு ஒழுங்கை என்றால் வேலிதான் அடையாளம். இந்தக் கிளுவை வேலி முடிய ஒரு முடக்கு, அதற்கு அங்கால் கிடுகு வேலி, அந்தப் பெரிய பூவரசுக்கு நேரே எங்கள் படலை. இன்றைக்கு வேலியே இல்லை. எல்லாம் மதில், எல்லாம் இரும்புக் கேற், ஒரே உயரம், ஒரே நிறம். வேலி இருந்தபோது பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக் கோழி வரும், அடுத்த வீட்டுக் கறி மணக்கும், ஆர் வீட்டில் சண்டை என்று தெரியும். மதில் கட்டிய சனத்தை நான் குறை சொல்லவில்லை, வருடா வருடம் வேலி அடைக்க ஆளும் இல்லை, கிடுகும் விலை. ஆனால் அந்த வெறும் மதில்களுக்கு நடுவில் நின்றபோது தொண்டை அடைத்துவிட்டது.

அப்போது ஒரு மதிலுக்கு மேலால் ஒரு கிழவி எட்டிப் பார்த்து, "ஆர் மோனே, ஆரைத் தேடுறாய்?" என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ மூத்தவனோ, சைக்கிளாலை விழுந்து பல்லுடைச்சவனோ?" என்றார். தங்கச்சி, நான் இந்த ஊரில் இருந்தவன் என்பதற்கு என் பாஸ்போர்ட்டில்கூட அவ்வளவு அத்தாட்சி இல்லை. அந்த ஆச்சி இப்போது உயிரோடு இல்லை. உங்கள் சின்னம்மாவுக்கு 81 என்கிறீர்கள். தம்பியின் சொல்லைக் கேட்டு இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடாதீர்கள்.

தங்குவது சின்னம்மா வீட்டில்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. இன்னொன்று, ஒரு சைக்கிளை வாடகைக்கோ இரவலோ எடுத்து விடியப்புறம் ஆறு மணிக்கு ஓடுங்கள். ஓட்டோவில் போனால் ஊர் கெதியாகக் கடந்துபோய்விடும்.

வடமேற்கு_லண்டன் எழுதியது:

எல்லாரும் போ போ என்பார்கள், நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். 2016இல் போனேன், திரும்பப் போகும் எண்ணம் இல்லை. நான் தேடிப்போன ஆக்கள் ஒருவரும் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த ஏழு பேரில் ஒருவன்கூட ஊரில் இல்லை, இரண்டு பேர் உயிரோடே இல்லை. பத்து நாளும் தெரியாத சனத்துக்கு நடுவில் திரிந்தேன். உங்கள் தம்பி சொல்வது பிழை என்று எனக்குப் படவில்லை. ஆனால் உங்களுக்குச் சின்னம்மா இருக்கிறார், எனக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை, அந்த வித்தியாசம் பெரியது.

மயிலிட்டிக்கரை எழுதியது:

அக்கா, நாங்கள் வலிகாமம் வடக்கு. 1990 ஆனியில் எழும்பி ஓடிய சனம். அப்போது எனக்கு ஐந்து வயது. மல்லாகம் முகாமில்தான் வளர்ந்தேன், பிறகு லண்டன். இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் கடற்கரையையும் துறைமுகப் பக்கத்தையும் 2017இல்தான் விட்டார்கள், 27 வருடம். எங்கள் காணி அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டதில் ஒரு துண்டு.

2019இல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு என்று ஒன்றும் இல்லை. கூரை இல்லாமல் சுவர் நிற்கும் என்றாவது நினைத்திருந்தேன், அத்திவாரமே பற்றைக்குள்தான். எது எங்கள் காணி, எது பெரியப்பாவின் காணி என்று ஒருவருக்கும் தெரியவில்லை, எல்லைக் கல்லும் இல்லை. நில அளவையாளர் வந்து காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து நாடா பிடித்து அளந்துகொண்டிருக்க, அம்மா அவரைக் கவனிக்காமல் பற்றைக்குள் இறங்கி நேரே நடந்தார். பாம்பு கிடக்கும் அம்மா என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு இடத்தில் நின்று காலால் தட்டினார். கிணற்றுக் கட்டு. உடைந்த துலாக்காலின் அடி பக்கத்தில் கிடந்தது. அங்கிருந்து அம்மா விரலை நீட்டி, "இது குசினி, இது உன்ரை தொட்டில் கட்டின இடம், இதிலை முருங்கை" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நில அளவையாளர் பென்சிலை எடுத்து அம்மா சொன்னதைக் குறித்துக்கொண்டார். அளந்து முடித்தபோது அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவின் ஞாபகத்தை அந்தப் பற்றை அழிக்கவில்லை. அம்மா அன்றைக்கு அழுதார், நிறைய அழுதார், ஆனால் இரவு முகாம் கால நண்பி ஒருவரின் வீட்டில் இருந்து நல்ல புட்டும் மீன் சொதியும் சாப்பிட்டார். லண்டனில் அப்படி அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலி_டீச்சர் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறேன், ஒருநாளும் வெளிநாட்டுக்குப் போனதில்லை. அக்கா படலை தட்டலாமா என்று கேட்டதற்குப் படலைக்கு உள்ளே இருப்பவளாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீடும் அப்படி வாங்கியதுதான். அப்பா 2005இல் பிரான்சில் இருந்த ஒரு குடும்பத்திடம் வாங்கினார்.

ஒவ்வொரு வருடமும் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறினால் எங்கள் ஒழுங்கையில் ஆக்கள் வந்து நிற்பார்கள். வான் ஒன்று மெதுவாக வரும், நிற்கும், யன்னல் இறங்கும், கமரா வெளியே வரும், போய்விடும். எங்களுக்கு அதுதான் அந்தரம். ஆர், என்ன, ஏன் படம் எடுக்கிறார்கள் என்று அம்மாவுக்கு இரண்டு நாள் யோசனை. காணிப் பிரச்சினை இங்கே கொஞ்ச நஞ்சம் இல்லை, பயப்படக் காரணம் உண்டு. அதனால் ஒளிந்து நின்று பார்க்காதீர்கள், கேற்றைத் தட்டுங்கள், பெயரைச் சொல்லுங்கள், சின்னம்மாவை முன்னால் விடுங்கள். "பிறந்த வீடு, ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று சொன்னால் கதவைச் சாத்துகிற மனிசர் இங்கே குறைவு. பகல் சாப்பாட்டு நேரமும் விளக்கு வைக்கும் நேரமும் வேண்டாம், காலை பத்து மணி நல்லது.

எங்களிடம் முறையாகக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். எழுபது வயது இருக்கும், 1986இல் போனவராம். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார், மரியாதையாகக் கதைத்தார், அழவில்லை. நடு அறைக்குள் போகும்போது வாசலுக்குள் கால் வைத்ததும் வலது கையை உயர்த்திச் சுவரைத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் சுவர். நாங்கள் வயரிங் மாற்றியபோது சுவிட்சை மற்றப் பக்கம் வைத்துவிட்டோம். கை அந்த இடத்திலேயே நிற்க எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் போய் மற்றப் பக்கச் சுவிட்சைப் போட்டார். அந்த வீட்டை நான் என் வீடு என்றுதான் நினைக்கிறேன், இப்போதும் அப்படித்தான், ஆனால் அன்றையிலிருந்து அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

இனிக் கொஞ்சம் நேராகச் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். வருகிற உறவுகளோடு எங்களுக்கு மனம் நோகிற இடம் ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் "எங்கட காலத்திலை இப்பிடி இல்லை" என்பது. இளம் பிள்ளைகள் ஃபோனும் மோட்டார் சைக்கிளுமாகக் கெட்டுப்போனார்கள் என்று இரண்டு கிழமைக்கு வந்தவர் தீர்ப்புச் சொல்வது. 2022இல் கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்காக வரிசையில் நின்று, அதற்குள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, பரீட்சையும் எழுதவைத்தோம். என் வகுப்பில் படித்த கெட்டிக்காரர் பலர் இப்போது வெளிக்கிடுகிறார்கள், உங்களைப் போலவே. இருக்கிற சனத்தை இருக்கிறபடி பாருங்கள்.

சின்னம்மாவுக்குச் சொக்லேற்றும் சோப்பும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவராதீர்கள், இங்கே எல்லாம் வாங்கலாம். முழங்கால் நோவுக்கு என்ன மருந்து போடுகிறார், கண் பரிசோதித்தாரா என்று முதலே கேட்டு, வந்ததும் ஒருநாள் அதற்கென்று ஒதுக்குங்கள். தனியே இருக்கிற வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத்தான் ஆள் தேடித் திரிகிறார்கள்.

நல்லூருக்குப் போனால், ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடி, 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், மற்றநாள் தீர்த்தம். சுற்று வீதிகளை மறித்துவிடுவார்கள், தூரத்தில் வாகனத்தை விட்டு நடக்கவேண்டும். மகன் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம், இதை முதலே சொல்லிவையுங்கள், சில பிள்ளைகள் வாசலில் வந்து கூச்சப்பட்டு நின்றுவிடுகிறார்கள். நூலகத்துக்கும் கட்டாயம் போங்கள். 1981இல் 97,000 வரையான புத்தகங்களோடு எரித்தபோது உங்களுக்கு மூன்று வயது, நீங்கள் பார்த்ததெல்லாம் எரிந்த கட்டடம்தான். இப்போது உள்ளே போய் இருந்து வாசிக்கலாம். பக்கத்தில் 11 மாடியில் கலாசார மண்டபம் வந்துவிட்டது, பின்னேரம் கோட்டை மதிலில் ஏறி நின்றால் பண்ணைக் கடல் முழுக்கத் தெரியும்.

கொக்குவில்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் சொன்ன அந்தச் சுவிட்ச் கதையைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஃபோனை வைக்கும்போது, கிணற்றடியைப் படம் எடுத்து அனுப்பு என்றான். மகனைப் பற்றி மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பிரம்டன்_அம்மா எழுதியது:

மகனைக் கூட்டிப்போங்கள், ஆனால் ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி இதுதான் நான் படித்த பள்ளிக்கூடம், இதுதான் நான் விழுந்த இடம் என்று பாடம் நடத்தாதீர்கள். நான் அதைச் செய்தேன், மூன்றாம் நாள் மகள் அறையை விட்டு வரவில்லை. நான்காம் நாள் மாமியின் பேரப்பிள்ளைகள் வந்து கிரிக்கெட் விளையாடக் கூப்பிட்டார்கள், அதற்குப் பிறகு அவளைத் தேடிப்பிடிப்பதுதான் வேலையாகிவிட்டது. தமிழ் தானாக வந்தது. அவர்களுக்கு ஒரு ஊர் வேண்டுமென்றால் அவர்களே அதில் கொஞ்ச நேரம் தனியாகத் திரியவேண்டும். பயணத்துக்கு, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரும் விமானத்தை நாங்கள் 2023இல் எடுத்தோம், சின்ன விமானம், இறங்கினால் வலிகாமம்தான், ஏ9 பாதையில் இரவு முழுக்க இருக்கத் தேவையில்லை. இந்திய விசாவும் பெட்டி நிறையும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள், கனடாவிலிருந்து கொண்டுவருகிற பெட்டி முழுக்க அதில் ஏறாது.

கொக்குவில்காரி எழுதியது:

போய் வந்துவிட்டேன். வந்து இரண்டு கிழமை, இப்போதுதான் எழுத முடிகிறது. உங்கள் எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இணுவில் அண்ணா சொன்னது போலவே முதல் நாள் ஒழுங்கை விளங்கவில்லை. ஆனால் என்னை உண்மையில் தடுமாறவைத்தது இருட்டிய பிறகுதான். நான் விட்டுவந்தது மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம். 1990க்குப் பிறகு ஐந்து வருடம் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தேன், பாட்டுக் கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுத்துவோம். என் மனதில் இருந்த கொக்குவிலின் இரவு முழுக்கக் கறுப்பு, வானம் நிறைய நட்சத்திரம். இப்போது ஒழுங்கை முடக்கிலும் தெரு விளக்கு. சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் பிடுங்கிப் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போன ரயில் பாதையில் நாங்கள் சைக்கிள் ஓடித் திரிந்தோம், இப்போது அதில் ரயில் போகும்போது சின்னம்மா வீட்டுக் கண்ணாடி அலுமாரி அதிர்கிறது. நான் இத்தனை வருடமும் நினைத்து ஏங்கிய ஊர், பொருளாதாரத் தடைக்குள் கிடந்த ஊர் என்பது அந்த வெளிச்சத்தில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. நல்லாயிருக்கட்டும். பிள்ளைகள் வெளிச்சத்தில் படிக்கட்டும்.

வீட்டுக்காரர் நல்ல மனிசர். டீச்சர் சொன்னபடி காலை பத்து மணிக்குச் சின்னம்மாவோடு போனேன், உள்ளே கூட்டிப்போனார்கள். மாபிள் போட்டிருக்கிறார்கள், குசினி புதிது, மாமரம் இல்லை. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடி மோட்டர் பூட்டியிருக்கிறார்கள். வலைக்கு மேலால் குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, என் முகம் தெரிந்தது, அடி தெரியவில்லை. தம்பிக்குப் படம் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் சின்னம்மா கிணற்றடிக்கு வராமல் தூரத்திலேயே, வாழைக்குப் பக்கத்தில் நின்றார்.

வந்த நாளிலிருந்தே சின்னம்மா ஒருமாதிரித்தான் இருந்தார். ஃபோனில் அவ்வளவு உரிமையாகக் கதைக்கிறவர், நேரில் "இருங்கோ பிள்ளை, சாப்பிடுங்கோ பிள்ளை" என்று, புதிதாக வந்த சம்பந்திக்குச் சொல்வது போல மரியாதை. எனக்குப் புதுக் கட்டில், புதுப் போர்வை, அவர் தரையில். முப்பது வருட இடைவெளி அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று இரவு மகன் படுத்த பிறகு, விறாந்தையில் இருந்து புழுக்கொடியல் கடித்துக்கொண்டிருந்தபோது சின்னம்மா திடீரென்று, "கிணத்துக்கை ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார். தெரியும் சின்னம்மா, சேற்றுக்குள் தாழ்ந்திருக்கும் என்று அம்மாவும் சொன்னவ என்றேன். "தாழயில்லை. நான்தான் எடுத்தனான்" என்றார்.

1996 வைகாசியில் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லையாம். சித்தப்பாவுக்கு வேலை இல்லை, சின்னவனுக்கு நெருப்புக் காய்ச்சல். கிணறு இறைக்கிற ஒருவரைப் பிடித்து, பழம்பித்தளை வாங்குகிறவருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். எது எதற்குப் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், நேற்றுக் கொடுத்தது போல. அண்டா அரிசிக்கு. ஒரு குடம் மருந்துக்கு. மற்றக் குடம் கூரைக்குக் கிடுகு வாங்க. விளக்கைக் கடைசிவரை வைத்திருந்து, அந்த வருடம் கார்த்திகையில் கொடுத்தாராம். கார்த்திகை விளக்கீட்டன்று வீட்டில் குத்துவிளக்கு இல்லாமல் மண் சிட்டி மட்டும் ஏற்றியதாகச் சொன்னார். பிறகு அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற வருடா வருடம் இன்னொன்று. அம்மா செத்த செய்தி வந்த அன்று, இனிச் சொல்லவே முடியாது என்றுதான் முதலில் அழுதாராம். நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கும் நித்திரை இல்லை.

நான் என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. அம்மா இருந்திருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே விற்றிருக்கவேண்டியதுதானே என்று உங்களைத் திட்டியிருப்பா என்றேன். அது உண்மை, அம்மா அப்படித்தான். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே கன நேரம் இருந்தார். உள்ளங்கை சரியான கரடு.

அடுத்த நாள் விடியச் சின்னம்மா வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சைக்கிளை எடுக்க, பின்னால் சத்தம். "ஏய், எங்கையடி போறாய்? தலையைத் துடை முதல், தடிமன் பிடிச்சுக்கொண்டு வந்து என்னட்டைத்தான் கிடக்கப்போறாய்." மகன் பயந்து வெளியே ஓடிவந்தான், சண்டை என்று நினைத்திருக்கிறான். நான் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். துவாயால் அவரே துவட்டிவிட்டார், நோகத்தான் துவட்டினார்.

பிறகு வந்த நாட்கள் எல்லாம் வேறு. கண் டொக்டரிடம் போனோம், இடக் கண்ணில் வெண்புரை, தையில் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அதற்குத் திரும்பப் போகிறேன், இந்தத் தடவை தம்பியும் வருகிறான். பிரம்டன் அக்கா, மகன் பக்கத்து வளவுப் பொடியன்களோடு பந்தடிக்கப் போய் முழங்கால் உரஞ்சிக்கொண்டு வந்தான், "ஆச்சி, எண்ணெய் பூசிவிடுங்கோ" என்று தமிழில்தான் கேட்டான். தை மாதம் பலாலி விமானத்தில் போகலாம் என்று பார்க்கிறோம், பெட்டி நிறை எவ்வளவு விட்டார்கள் என்று ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள், சின்னம்மாவுக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போகவேண்டும், சென்னையில் வாங்கினால் பாரமாக இருக்கும்.